கலர் மட்டும் பேசக்கூடாது: இன்டர்ஃபேஸ் டிசைன்ல அடிக்கடி வர்ற சந்தேகங்கள்

ஸ்கிரீன் டிசைன் ரிவ்யூக்கு உக்காரும்போதெல்லாம் டெவலப்பர்ஸ், டிசைனர்ஸ், மேனேஜர்ஸ்னு ஆள் மாறுதே ஒழிய கேள்வி மாறுறதில்ல. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சாட்ல டைப் பண்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல சேர்த்து வச்சிருக்கேன். கேள்விகள் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு, ஈஸியானது மேல, சிக்கலானது போகப் போக வரும்.

கலர் பிளைண்ட்னா எல்லாமே கருப்பு வெள்ளையா தானே தெரியும்?

இல்லங்க. நிறமே தெரியாத நிலையும் இருக்கு, ஆனா அது ரொம்ப அபூர்வம், 30,000 பேர்ல ஒருத்தருக்கு மாதிரி. பெரும்பாலானவங்களுக்கு நிறம் தெரியும், சில நிறங்களுக்கு நடுவுல வித்தியாசம் தான் தெரியாது. கண்ணுக்குள்ள நிறம் பார்க்க 3 வகை கூம்பு செல் இருக்கு, அதுல ஒரு வகை இல்லாம போனாலோ கொஞ்சம் வேற மாதிரி வேலை செஞ்சாலோ சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒண்ணு போல ஆகிடும், நீலமும் ஊதாவும் கலந்துடும், இளஞ்சிவப்பு சாம்பல் மாதிரி தெரியும்.

அதனால "அவர் நீலத்தை சரியா சொல்றாரே, அவருக்கு எப்படி கலர் பிளைண்ட்"னு கேக்காதீங்க. நீலமும் மஞ்சளும் பெரும்பாலும் நல்லாவே தெரியும், சிக்கலே நாம ஓகேக்கும் எரருக்கும் எடுத்து வச்சிருக்குற பச்சை சிவப்புல தான்.

நம்ம யூசர்ஸ்ல ஒருத்தர் கூட இதுவரைக்கும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே, அப்படி எத்தனை பேர் தான் இருப்பாங்க?

ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல ஏறக்குறைய 12 பேருக்கு ஒருத்தர், பெண்கள்ல 200 பேருக்கு ஒருத்தர். மத்த இடங்கள்ல இந்த கணக்கு கொஞ்சம் குறையும், ஆனா எங்கயும் ஒதுக்கிட்டு போற அளவுக்கு குறையாது. இதுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, ஆண்களுக்கு அது ஒண்ணே ஒண்ணு தான், அதுல பழுது இருந்தா ஈடுகட்ட இன்னொண்ணு இல்ல, அதான் ஆண்களுக்கு அதிகம். இது பிறவியிலேயே வர்ற கணக்கு மட்டும். வயசானா கண் லென்ஸ் மஞ்சளாகி நீலப் பக்கத்து வித்தியாசம் மங்கும், சில கண் நோய்களும் நிறம் பார்க்குறதை பாதிக்கும். அதுக்கு மேல கடும் வெயில்ல போன் பார்க்குறவங்க, பழைய புரொஜெக்டர்ல மீட்டிங் நடத்துறவங்க, கருப்பு வெள்ளையில பிரின்ட் எடுக்குறவங்கன்னு சேர்த்தா லிஸ்ட் நீளும்.

கம்ப்ளெயின்ட் வராததுக்கு காரணம் நிறைய பேருக்கு தனக்கு இது இருக்குன்னே தெரியாது. அணுக் கொள்கைக்கு பேர் போன ஜான் டால்டனே தனக்கு நிறம் சரியா பிரியாததைப் பத்தி கட்டுரை வாசிச்சது 1794ல, அப்ப அவருக்கு வயசு 20களோட கடைசி. தன் கண்ணுக்குள்ள இருக்குற திரவம் நீலமா இருக்கும், அதான் சிவப்பை மறைக்குதுன்னு நம்பினார், செத்த பிறகு கண்ணை எடுத்து பாருங்கன்னு சொல்லி வச்சிருந்தார். 1844ல பார்த்தாங்க, திரவம் தெளிவா தான் இருந்துச்சு. பத்திரமா வச்சிருந்த அந்த கண்ணுல இருந்து 1995ல டி.என்.ஏ. எடுத்து பார்த்தப்ப தான் ஒரு வகை கூம்பு செல்லே அவருக்கு இல்லைன்னு உறுதியாச்சு. தன் கண்ணைப் பத்தி தேடிக்கிட்டே இருந்த ஒருத்தருக்கே விடை கிடைக்க அவ்வளவு காலம். உங்க யூசர் "இந்த ஆப் குழப்பமா இருக்கு"ன்னு மூடிட்டு போயிடுவார், கலர்னால தான்னு அவருக்கே தெரியாது.

அப்போ கலரே யூஸ் பண்ணக்கூடாதா, எல்லாத்தையும் சாம்பல்ல போடணுமா?

தாராளமா யூஸ் பண்ணுங்க. கலர் நல்லா தெரியுறவங்களுக்கு அது ரொம்ப வேகமான குறிப்பு, அதை எடுத்துட்டா அவங்களுக்கு கஷ்டம், அறிவுத்திறன் சார்ந்த சிரமம் இருக்குற சிலருக்கும் கலர் பெரிய துணை. கேக்குறது ஒண்ணே ஒண்ணு, கலர் சொல்ற விஷயத்தை கூடவே இன்னொண்ணும் சொல்லணும். அந்த இன்னொண்ணு எழுத்தா இருக்கலாம், ஐகான், வடிவம், இடம், கோட்டோட தடிமன், அடிக்கோடு, எதுவா வேணா இருக்கலாம். ஸ்கிரீனை மனசுக்குள்ள சாம்பலாக்கி பாருங்க, அப்பவும் எது என்னன்னு சொல்ல முடிஞ்சா சரி.

இது ரூலா இல்ல உங்க அட்வைஸா? எங்க எழுதியிருக்கு?

ரூல் தான். வெப்புக்கான பொது விதிகளை வகுக்குற டபிள்யூ3சி அமைப்பு வெளியிடுற வெப் அணுகல் வழிகாட்டியில, அதாவது டபிள்யூ.சி.ஏ.ஜி.ல, 1.4.1ங்கற எண்ல இருக்கு. ஒரு தகவலை சொல்லவோ, ஒரு செயலை காட்டவோ, பதில் கேக்கவோ, ஒண்ணை இன்னொண்ணுல இருந்து பிரிச்சு காட்டவோ கலர் மட்டுமே ஒரே வழியா இருக்கக்கூடாதுங்கறது தான் அதோட சாரம். லெவல் ஏ, அதாவது அடிமட்ட லெவல், டபுள் ஏ அதுக்கு மேல. 2008ல 2.0 வந்தப்பவும் இருந்துச்சு, 2018ல 2.1, 2023ல 2.2 வந்தப்பவும் அப்படியே இருக்கு. "டபுள் ஏ வாங்கிட்டோம், இது மட்டும் பாக்கி"ன்னு சொல்ல வழியே இல்ல, ஏ இல்லாம டபுள் ஏ கிடையாது.

ஃபார்ம்ல தப்பான ஃபீல்டுக்கு சிவப்பு பார்டர் போட்டுட்டேன், அது போதாதா?

போதாது. எனக்கு அதிகமா வர்ற கேஸே இது தான். சாம்பல் பார்டர் சிவப்பு பார்டரா மாறுறது சிலர் கண்ணுக்கு மாறாத மாதிரியே இருக்கும். அவங்க சப்மிட் அழுத்துவாங்க, பக்கம் நகராது, திரும்ப அழுத்துவாங்க, நெட் போச்சோன்னு நினைப்பாங்க.

ஃபீல்டுக்கு கீழயே என்ன தப்பு, எப்படி சரி பண்ணணும்னு எழுதுங்க. "தவறான உள்ளீடு"ன்னு இல்ல, "போன் நம்பர்ல 10 இலக்கம் வேணும், 9 தான் இருக்கு"ன்னு. முன்னாடி ஒரு சின்ன ஐகான், பார்டர் கொஞ்சம் தடிமனா, சிவப்பும் கூடவே இருக்கட்டும். ஃபார்ம் நீளமா இருந்தா மேல "2 இடத்துல திருத்தணும்"னு போட்டு அந்தந்த ஃபீல்டுக்கு லிங்க் குடுங்க. கட்டாயம் நிரப்ப வேண்டிய ஃபீல்டுக்கும் இதே கதை, லேபிளை சிவப்பாக்கி விட்டா போதாது, "கட்டாயம்"னு எழுதுங்க, இல்ல நட்சத்திரம் போட்டு அதோட அர்த்தத்தை ஃபார்ம் ஆரம்பத்துலயே சொல்லுங்க.

லிங்க்குக்கு அண்டர்லைன் அசிங்கமா இருக்கு, எடுத்துடலாமான்னு டிசைனர் கேக்குறாங்க

மெனுவுலயும் நேவிகேஷன் பார்லயும் எடுத்துக்கோங்க, அங்க இருக்குறதெல்லாம் லிங்க் தான்னு இடமே சொல்லிடுது. பத்திக்கு நடுவுல வர்ற லிங்க்ல தான் பிரச்சனை.

கண்டிப்பா எடுக்கணும்னா ஒரு வழி இருக்கு, லிங்க் கலருக்கும் சுத்தி இருக்குற எழுத்து கலருக்கும் நடுவுல 3:1 கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், இருக்கணும், மவுஸ் மேல போனாலோ டேப் அழுத்தி வந்தாலோ அண்டர்லைனோ வேற ஏதாவது அடையாளமோ தோணணும். கேக்க ஈஸியா இருக்கும், போட்டு பாருங்க. வெள்ளை பேக்ரவுண்ட்ல கருப்பு எழுத்து, லிங்க்குக்கு பிரவுசரோட வழக்கமான நீலம், 0ல இருந்து 255 வரைக்கும் போற கணக்குல சிவப்பு 0 பச்சை 0 நீலம் 238. வெள்ளைக்கு எதிரா அது 9:1க்கு மேல வரும், கருப்பு எழுத்துக்கு எதிரா 2.2:1 தான், ஃபெயில். கருப்புல இருந்து 3:1 தள்ளியும் இருக்கணும் எழுத்துக்கு வேண்டிய 4.5:1க்கு வெள்ளையில குறையவும் கூடாதுன்னா நடுவுல கிடைக்குற இடம் ரொம்ப குறுகலு, உங்க பிராண்ட் கலர் அதுக்குள்ள விழுறது அதிர்ஷ்டம் தான். அண்டர்லைனை வச்சுக்கோங்க, கோட்டை மெல்லிசாக்கி எழுத்துல இருந்து கொஞ்சம் தள்ளி வச்சா நல்லாவே இருக்கும்.

ஸ்டேட்டஸ் காட்ட சின்ன சின்ன வட்டம், பச்சை மஞ்சள் சிவப்பு, டிராஃபிக் சிக்னல் மாதிரி. எல்லாருக்கும் பழகினது தானே?

சிக்னல்ல நிறம் தெரியாதவங்களும் வண்டி ஓட்டுறாங்கன்னா காரணம் இடம், மேல எரியுதா கீழ எரியுதான்னு பார்ப்பாங்க. உங்க வட்டத்துக்கு மேல கீழ கிடையாது, ஒரே இடத்துல நிறம் மட்டும் மாறுது.

முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு டீம்ல 40 சர்வரோட நிலையை காட்டுற போர்டு ஒண்ணு இருந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டி வட்டம். நைட் ஷிஃப்ட் பார்க்குற ஒருத்தர் பக்கத்துல ஒருநாள் உக்கார்ந்தேன். ஒவ்வொரு வட்டத்து மேலயும் மவுஸை வச்சு டூல்டிப், அதாவது குட்டி விளக்கம், வர்ற வரைக்கும் காத்திருந்து படிச்சு அடுத்ததுக்கு போயிட்டு இருந்தார், மேசையில ஒரு பேப்பர்ல 1ல இருந்து 40 வரைக்கும் எழுதி எது கடைசியா நின்னுச்சோ அதுக்கு பக்கத்துல பென்சில்ல டிக். ஏன்னு கேட்டேன், எனக்கு இதெல்லாம் ஒரே நிறமா தெரியுதுன்னார், 8 மாசமா இப்படி தான் பண்றாராம், யார்கிட்டயும் சொல்லல, வேலைக்கு லாயக்கில்லைன்னு நினைச்சிடுவாங்களோன்னு பயம். அந்த போர்டை டிசைன் பண்ணினது நான் தான். அன்னிக்கு எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு.

அரை நாள் வேலை தான் ஆச்சு. ஓடுறதுக்கு வட்டத்துக்குள்ள டிக், மெதுவா இருக்குறதுக்கு முக்கோணம், நின்னதுக்கு கட்டத்துக்குள்ள பெருக்கல் குறி, பக்கத்துல "ஓடுது", "மெதுவா", "நின்னுடுச்சு"ன்னு எழுத்து, நின்னதெல்லாம் லிஸ்ட்ல மேல. நிறம் அப்படியே இருக்கு. நிறம் நல்லா தெரியுறவங்களும் அடுத்த வாரத்துல இருந்து எழுத்தை தான் படிச்சாங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க, வெளி வடிவமே மாறணும். வட்டம் அதேதான், உள்ள மட்டும் பொடியா ஒரு குறின்னா தூரத்துல இருந்து மறுபடி ஒரே மாதிரி தான் தெரியும்.

ஆனா டூல்டிப்ல வருதுல்ல, அப்போ ரூல் படி ஓகே தானே?

மேல சொன்னவரும் டூல்டிப்பை வச்சு தான் 8 மாசம் ஓட்டினார். டச் ஸ்கிரீன்ல மவுஸை மேல வைக்குற ஹோவரே கிடையாது, கீபோர்டுல போறவங்களுக்கு பல டூல்டிப் திறக்காது, முக்கியமா ஒரே பார்வையில ஒப்பிட முடியாது. மெயின் தகவல் கண்ணு முன்னாடி இருக்கட்டும், டூல்டிப்ல கூடுதல் விவரத்தை வைங்க.

சார்ட்ல 8 லைன் இருக்கு, எட்டுக்கும் எங்க போய் வடிவம் தேடுறது?

முதல்ல எந்த நிறம் எதுன்னு ஓரமா சொல்ற லெஜண்டை எடுங்க. லைன் முடியுற இடத்துலயே அதோட பேரை எழுதிட்டா நிறத்தை பொருத்திப் பார்க்குற வேலையே இல்ல, இது எல்லாருக்குமே நிம்மதி. அப்புறம் புள்ளிக்கோடு, வெட்டுக்கோடு, முழுக்கோடுன்னு பிரிங்க, புள்ளிகளுக்கு வட்டம், சதுரம், முக்கோணம் குடுங்க. பார் சார்ட்டுன்னா பார்களுக்கு நடுவுல வெள்ளை இடைவெளி விட்டு மதிப்பை பார் மேலயே எழுதுங்க. கோடு போட்ட பேட்டர்ன், புள்ளி பேட்டர்ன் 2, 3 வரைக்கும் சரி, அதுக்கு மேல போனா கண்ணு கூசும்.

8 லைன் ஒண்ணு மேல ஒண்ணு பின்னிக்கிட்டு இருந்தா நிறம் தெரியுறவங்களுக்கும் புரியாதுங்கறதை ஒத்துக்கணும். முக்கியமான 2 லைனை தடிமனா அடர்த்தியா காட்டி மீதியை மெல்லிசா சாம்பல்ல விடுங்க, இல்ல 8 குட்டி சார்ட்டா பிரிச்சு ஒரே அளவுகோல்ல வைங்க. கீழ ஒரு டேபிளும் குடுத்தா இன்னும் நல்லது.

கலர் பிளைண்ட் சேஃப் பேலட்னு கிடைக்குதே, அதைப் போட்டா முடிஞ்சுதா?

நல்ல ஆரம்பம். ஒகாபே, இடோன்னு 2 ஜப்பான் விஞ்ஞானிகள் உருவாக்கின 8 நிற பேலட் ரொம்ப பிரபலம், நீலமும் ஆரஞ்சும் ஜோடி போடுறதும் நல்லா வேலை செய்யும். ஆனா முழுசா நிறம் தெரியாதவங்களுக்கும் கருப்பு வெள்ளை பிரின்ட்டுக்கும் பேலட் உதவாது, யூசர் தன் போன்லயே கலர் ஃபில்டர் போட்டிருந்தா உங்க நிறமெல்லாம் வேறயா தான் போய் சேரும். இன்னொண்ணு, நிறத்தை பிரிச்சு பார்க்க முடிஞ்சாலும் பேர் சொல்ல முடியாம போகலாம். "அந்த பச்சை லைனை பாருங்க"ன்னு மீட்டிங்ல ஒருத்தர் சொன்னா எதைன்னு அவர் தேடணும். ஹெல்ப் பக்கத்துல "பச்சை பட்டனை அழுத்துங்க"ன்னு எழுதுறதும் இதே தப்பு தான், "சேமி பட்டனை அழுத்துங்க"ன்னு பேரை சொல்லுங்க.

கான்ட்ராஸ்ட் செக்கர்ல எல்லாம் பாஸ் ஆகுது, அப்புறம் என்ன பிரச்சனை?

அது வேற கேள்விக்கு பதில். கான்ட்ராஸ்ட் செக்கர் எழுத்தையும் பேக்ரவுண்டையும் ஒப்பிடுது, சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கும் ஐகானுக்கும் ஃபீல்டு பார்டருக்கும் 3:1. உங்க பச்சையையும் உங்க சிவப்பையும் ஒண்ணுக்கொண்ணு அது ஒப்பிடவே இல்ல. சிவப்பு 255 மத்ததெல்லாம் 0ன்னு ஒரு நிறம், பச்சை 128 மத்ததெல்லாம் 0ன்னு ஒரு நிறம் எடுங்க, ரெண்டுக்கும் நடுவுல வெறும் 1.28:1. சாம்பலாக்கினா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். ஒரே சாயல்ல ஒண்ணு வெளிரா ஒண்ணு அடர்த்தியா வச்சு அதுங்களுக்கு நடுவுல 3:1 இருந்தா அது வெளிச்ச வித்தியாசமா கணக்காகும், ஆனா 3 நிலை 4 நிலைன்னு போனா அதுவும் தாங்காது.

டார்க் மோட் வச்சிருக்கவங்களுக்கு ஒரு விஷயம். சிவப்புக்கான கூம்பு செல் இல்லாதவங்களுக்கு சிவப்பு நிறம் மாறுறதோட நிக்காது, இருட்டாவும் தெரியும். கருப்பு பேக்ரவுண்ட்ல சுத்த சிவப்பு எழுத்து செக்கர்ல 5.25:1, பாஸ். அந்த கணக்கு சராசரி கண்ணுக்கு போட்டது, அவங்களுக்கு அந்த எழுத்து கருப்புக்குள்ள அமுங்கிப் போகும். டார்க் மோட்ல எரருக்கு வெளிர் சிவப்போ சால்மன் நிறமோ எடுங்க.

ஐகான் போட்டாச்சு, ஸ்க்ரீன் ரீடருக்கும் அதுவே போதுமா?

ஐகானுக்கு பேர் குடுத்தா தான். ஸ்க்ரீன் ரீடர், அதாவது பார்வை இல்லாதவங்களுக்கு ஸ்கிரீனை வாசிச்சு சொல்ற சாஃப்ட்வேர், வழக்கமா நிறத்தை படிச்சு சொல்லாது, பேர் இல்லாத ஐகானையும் தாண்டி போயிடும். இதுக்குன்னே கோட்ல போடுற குறிப்புகள் இருக்கு, எரர் இருக்குற ஃபீல்டுக்கு ஏரியா-இன்வேலிட், எரர் மெசேஜை ஃபீல்டோட கட்ட ஏரியா-டிஸ்கிரைப்ட்பை, இப்ப எந்த பக்கத்துல இருக்கோம்னு சொல்ல ஏரியா-கரண்ட். பக்கத்துலயே எழுத்து இருந்தா ஐகானை மறைச்சிடலாம், இல்லேன்னா ஒரே விஷயம் ரெண்டு தடவை காதுல விழும். எழுத்தையே நேரா போட்டுட்டா இதுல பாதி வேலை மிச்சம், அதான் நான் எப்பவும் முதல்ல எழுத்தை கேக்குறேன்.

இதை எப்படி டெஸ்ட் பண்றது, எனக்கு நிறம் நல்லா தெரியுமே?

குரோம் பிரவுசரோட டெவ்டூல்ஸ்ல ரெண்டரிங்னு ஒரு டேப் இருக்கு, அதுல எமுலேட் விஷன் டெஃபிஷியன்சீஸ்ல போனா ஒவ்வொரு வகையா மாத்தி பார்க்கலாம். ஃபயர்ஃபாக்ஸ்ல அக்சஸிபிலிட்டி பேனல்ல இருக்கு. எனக்கு ரொம்ப பிடிச்சது போனை கிரேஸ்கேல்ல, அதாவது முழு சாம்பல்ல, போட்டுட்டு ஒரு நாள் முழுக்க சொந்த ஆப்பை யூஸ் பண்றது, எங்க விரல் தயங்குதோ அங்க பக். விண்டோஸ்ல கான்ட்ராஸ்ட் தீமும் போட்டு பாருங்க, அது உங்க பேக்ரவுண்ட் கலரை தூக்கிட்டு தன் கலரை போடும், நிழலையும் எடுத்துடும். பேக்ரவுண்ட் கலரை மட்டும் மாத்தி "இது தான் செலக்ட் ஆன டேப்"னு காட்டியிருந்தா எல்லா டேப்பும் அங்க ஒண்ணு போல நிக்கும், பார்டரோ அடிக்கோடோ இருந்தா பிழைக்கும்.

ஆனா சிமுலேட்டர் தோராயம் தான், அதுல பாஸ் ஆனா எல்லாருக்கும் ஓகேன்னு அர்த்தம் இல்ல. நிறம் பிரிக்க முடியாத ஒருத்தர் உங்க டீம்லயே இருந்து, அவரே உதவ தயார்னா, பக்கத்துல உக்கார்ந்து பாருங்க. எல்லார் முன்னாடியும் "இது என்ன கலர் சொல்லு"ன்னு கேக்காதீங்க, அவங்க வாழ்நாள் பூரா கேட்டு சலிச்ச கேள்வி அது.

செட்டிங்ஸ்ல தனியா "கலர் பிளைண்ட் மோட்"னு ஒண்ணு வச்சுட்டா டிசைனை தொட வேண்டாமே?

தனக்கு இருக்குன்னே தெரியாதவர் அந்த செட்டிங்கை எப்படி தேடுவார், ரெண்டாவது கேள்வியில சொன்னது தான். தெரிஞ்சவரும் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல லாகின் பண்ணின உடனே முதல் ஸ்கிரீன்லயே மாட்டிக்குவார். கூடுதலா வைங்க, தப்பில்ல, வேர்டில் விளையாட்டுல பச்சை மஞ்சளுக்கு பதிலா ஆரஞ்சு நீலம் வர்ற மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கு, நிறத்தையே மையமா வச்ச விளையாட்டுல அது நல்ல உதவி. ஐபோன்ல டிஃபரென்ஷியேட் வித்அவுட் கலர்னு சிஸ்டம் செட்டிங் இருக்கு, உங்க ஆப் அதை படிச்சு நடந்துக்கலாம். ஆனா டிஃபால்ட்டே புரியுற மாதிரி இருக்கணும்.

இப்ப தான் ஸ்பெஷல் கண்ணாடி வந்துடுச்சே, அதை போட்டா சரியாகிடும்ல?

ஆகாது. அது சில ஒளி அலைகளை வடிகட்டி சிலருக்கு சில நிறங்களோட வித்தியாசத்தை கூட்டி காட்டும், இல்லாத கூம்பு செல்லை கொண்டு வராது. உங்க ஸ்கிரீன்ல இருக்குற தப்பை அவர் காசு போட்டு மூக்குல மாட்டிக்கணும்னு எதிர்பார்க்குறதும் நியாயமில்ல.

எங்களுக்கு நிறம் தான் விஷயமே, டிரஸ் விக்குறோம். சட்டை கலரை எப்படி கலர் இல்லாம காட்டுறது?

கலரை காட்டுங்க, கூட பேரை எழுதுங்க. "கரும்பச்சை", "செங்கல் சிவப்பு"ன்னு அடிப்படை நிறம் உள்ள பேர். "காட்டின் கனவு"ன்னு பேர் வச்சா அது பழுப்பா பச்சையான்னு யாருக்கும் தெரியாது, நிறம் பிரிக்க முடியாத ஒருத்தர் தன் கல்யாணத்துக்கு சட்டை எடுக்குறப்ப அவருக்கு வேண்டிய ஒரே தகவலை நீங்க எடுத்துட்டீங்க. செலக்ட் ஆன கலருக்கு டிக் போடுங்க, ஸ்டாக் இல்லாததுக்கு குறுக்கே கோடு. கார்ட்லயும் பில்லயும் அதே பேர் வரட்டும்.

எங்களோடது பழைய அப்ளிகேஷன், 200 ஸ்கிரீன் இருக்கு. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

தப்பா புரிஞ்சா யாருக்கு நஷ்டம் அதிகமோ அங்க இருந்து. பணம் போகுற ஸ்கிரீன், மருந்து அளவு காட்டுற ஸ்கிரீன், அலாரம், டெலிட் பட்டன், எரர் மெசேஜ். அப்புறம் எல்லா ஸ்கிரீனும் பொதுவா யூஸ் பண்ற காம்பொனென்ட்டை திருத்துங்க, டெக்ஸ்ட் ஃபீல்டு, ஸ்டேட்டஸ் பேட்ஜ், லிங்க், டேப்னு இந்த 4ஐ சரி பண்ணினா 200 ஸ்கிரீன்ல பெரும்பகுதி தானா சரியாகும். ஸ்டேட்டஸ் பேட்ஜ்ல எழுத்து இல்லாம வெறும் கலரை மட்டும் அனுப்பினா பில்டே ஃபெயில் ஆகுற மாதிரி வச்சுடுங்க. சார்ட்டுங்க கடைசியில, அதுக்கு தான் ஒவ்வொண்ணா உக்கார்ந்து யோசிக்கணும்.